புள்ளடி

ஏப்ரல் பதினைந்து.
ஸ்காபரோவில் இரவு பதினொன்றே முக்கால்.
சஸ்கட்டூனில் பத்துகூட ஆகவில்லை.
அங்கே மணிக்கூட்டைத் திருப்புவதில்லையாம்.
கடைசி நாளுக்கு மேல் எனக்கு
இரண்டு மணித்தியாலம் சும்மா கிடைத்திருக்கிறது.

மேசையில் இரண்டு கடிதம்.
இரண்டும் குற்ற உளவியல்தான்.
நியூயோர்க்: இரண்டு வருட முதுகலை,
வருடத்துக்கு நாற்பத்தெட்டாயிரம் அமெரிக்கக் காசு,
நடந்துபோகிற தூரத்தில் ஐந்து நீதிமன்றம்.
சஸ்கட்டூன்: ஆறு வருடம், கலாநிதிப் பட்டம்,
படிப்பதற்கு அவர்களே சம்பளம் தருகிறார்கள்,
மைனஸ் நாற்பதும் தருகிறார்கள்.

அப்பா கேட்டார்,
"அப்ப நீ பொலிசோ, டொக்டரோ?"
"ரெண்டுமில்லை."
"பிறகென்ன கோதாரிக்கு?"
கேட்டுவிட்டுத் தன் கிறெடிட் கார்ட்டை
இரண்டு கடிதத்துக்கும் நடுவில் வைத்தார்.
படுக்கப் போய்விட்டார்.

என் வேலை வாடகை வாய்.
நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பு.
முதல் விதி: 'அவர் சொல்கிறார்' என்று சொல்லக்கூடாது,
'நான்' என்றே சொல்லவேண்டும்.
இந்த ஐந்து வருடத்தில் நான்
மூன்று பேரைக் கத்தியால் குத்தியிருக்கிறேன்.
மச்சாளின் தாலிக்கொடியை அடகு வைத்திருக்கிறேன்.
வெறியில் நானூற்றியொன்றில்
எதிர்ப்பக்கமாகக் கார் ஓடியிருக்கிறேன்.
ஒருமுறை ஒன்றுமே செய்யவில்லை.
அதைத்தான் ஒருவரும் நம்பவில்லை.
பிறகு லிஃப்ட் கண்ணாடியில் தலையைச் சரிசெய்துகொண்டு
சாப்பிடப் போவேன்.

கார்த்திகையில் ஒரு நாள், மறியலில்,
அரியகுட்டி என்று ஒருவர்.
பரிசோதிக்க வந்தவர் டொக்டர் பெலான்ஜே.
நடுவில் நான்.
"உங்களுக்குக் குரல்கள் கேக்கிறதோ?"
"ஓம் பிள்ளை, கேக்குது.
பக்கத்து அறையில ஒருத்தன்
விடியவிடிய அழுறான்."

அப்படியே சொன்னேன்.
'பிள்ளை'யை மட்டும் விட்டுவிட்டேன்,
டொக்டருக்கு அது எதற்கு.
அவர் தலையை ஆட்டினார்.
தாளில் ஒரு புள்ளடி போட்டார்.
என் கதிரையிலிருந்து பார்க்க
அது எந்தப் பெட்டிக்குள் விழுந்தது என்று
தெரியவில்லை.

ஏன் இந்தத் துறை என்று
இரண்டு இடத்திலும் கேட்டார்கள்.
இரண்டு இடத்திலும் இதைத்தான் சொன்னேன்.
நியூயோர்க் பேராசிரியருக்குக் கண் மின்னியது.
அன்றிரவே இரண்டு பக்க மடல்,
வாசிக்கப் பதினொரு கட்டுரை,
'அருமையான உதாரணம்' என்று ஒரு வரி.

சஸ்கட்டூன் அம்மா பேசாமல் இருந்தார்.
திரை உறைந்துவிட்டதோ என்று நினைத்தேன்.
பிறகு கேட்டார்:
"பக்கத்து அறையில் யார் இருந்தது?"

தெரியாது.
ஒருவரும் போய்ப் பார்க்கவில்லை.
டொக்டர் பார்க்கவில்லை. காவலர் பார்க்கவில்லை.
வாசலில் கோட்டு மாட்டிக்கொண்டு
அந்தக் கதவைத் தாண்டித்தான் நான் வந்தேன்.

இதற்காகத்தான் முடிவெடுத்தேன் என்றால் பொய்.
காசும் ஒரு காரணம்.
அப்பாவின் கார்ட்டில் எவ்வளவு மிச்சம் என்று
எனக்குத் தெரியும் என்பது இன்னொன்று.
அங்கே மறியலில் சிலர்
கிரீ மொழியில்தான் மனம்விட்டுப் பேசுவார்களாம்.
என் தமிழ் அங்கே ஒரு சதத்துக்கு உதவாது.
எனக்கும் அவருக்கும் நடுவில்
வேறொருத்தி கதிரை போட்டு இருப்பாள்.
அவர் சொன்னதை 'நான்' என்று தொடங்குவாள்.
எதையோ எனக்கு எதற்கென்று விட்டுவிடுவாள்.
என்ன விட்டாய் என்று
அவளிடம் கேட்க வேண்டும்.

பன்னிரண்டு.
நியூயோர்க் தன்பாட்டில் மூடிக்கொண்டது.
ஒரு விசையும் அழுத்தாமல்
ஒரு நகரத்தைக் கைவிடலாம் என்பது தெரியாமல் போச்சே.

இன்னும் இரண்டு மணித்தியாலம்.
தேத்தண்ணி வைத்தேன், குடிக்கவில்லை.
அப்பாவின் கார்ட்டை அவருடைய செருப்புக்குள் வைத்தேன்,
காலையில் கட்டாயம் காண்பார்.
ஒன்று நாற்பதுக்கு
'ஏற்றுக்கொள்கிறேன்' என்ற பெட்டிக்குள்
என் புள்ளடி.
எந்தப் பெட்டி என்று
இரண்டு தரம் குனிந்து பார்த்தேன்.

படுக்கவேண்டும்.
காலை ஒன்பதரைக்கு, ஐந்தாம் மாடியில்,
நான் ஒரு நகைக்கடையை உடைத்திருக்கிறேன்.